நெடுஞ்சாலைக்கு மேலே பொலிஸ் விமானம்

அன்பின் ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மொன்றியலுக்குக் கலியாண வீட்டுக்குப் போகும் வழியில், கிங்ஸ்ரனுக்கு இந்தப் பக்கம், 401 நெடுஞ்சாலையின் ஓரத்தில் பொலிஸ் கார்கள் வரிசையாக நின்றதையும், வாகனங்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டியதையும், மேலே ஒரு சின்ன விமானம் சுற்றிக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தீர்கள். உங்களை ஒருவரும் மறிக்கவில்லை. ஆகவே இது ரிக்கற் வாங்கிய ஆத்திரத்தில் எழுதிய கடிதம் இல்லை. கணக்காளராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இயல்பாக வரக்கூடிய கேள்வி அது: இதற்கு ஆகும் செலவுக்கு இது தகுமா? “எங்கட வரிக்காசில ஆகாயத்தில பட்டம் விடுகினம்” என்று ஒரு வரியில் தீர்ப்பையும் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் தீர்ப்பில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மற்றப் பாதிக்காகத்தான் இந்தப் பதில். வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால் பகிரங்கமாக எழுதுகிறேன். குறை நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல விமானத்தில் றேடார் ஒன்றும் இருப்பதில்லை. வீதியில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒன்றாகத் தடித்த வெள்ளைக் கோடுகள் குறுக்கே கீறப்பட்டிருக்கும். ஒரு கார் முதல் கோட்டைத் தொடும்போது மேலே இருக்கும் அதிகாரி கடிகாரத்தை அழுத்துவார். அடுத்த கோட்டைத் தொடும்போது மீண்டும் அழுத்துவார். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். அவ்வளவுதான்; எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் செய்த கணக்கு. இடைவெளி 500 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 விநாடியில் கடந்தால் 100 கிலோமீற்றர் வேகம். 15 விநாடி என்றால் 120. 12 விநாடி என்றால் 150. விரல் ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்கு பிந்தினாலும் 120-இல் இரண்டு, இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் பிழை வராது. கோடுகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூட அந்தப் பிழையும் குறையும்.

வேகம் தெரிந்ததும் மேலே இருப்பவர் வானொலியில் கீழே சொல்கிறார்: வெள்ளைக் கார், இடது ஒழுங்கை, பாரவூர்திக்கு முன்னால் இரண்டாவது. சொல்லிவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கீழே உள்ள பொலிஸ் கார் சரியான வாகனத்தின் பின்னால் போய் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 401-இல் ஒரே நிறத்தில் ஒரே மாதிரியான ரொயோற்றாக்கள் எத்தனை ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். கண் தப்பினால் அந்தக் கார் போனதுதான்.

இந்த முறையின் பலங்களையும் சொல்லவேண்டும். நிறுத்துகடிகாரத்தில் இருந்து எந்த அலையும் புறப்படுவதில்லை. றேடாரைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைக் காரில் ஒளித்து வைத்திருப்பவருக்கு (ஒன்ராறியோவில் அதை வைத்திருப்பதே குற்றம்) அதனால் பயனில்லை. முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று கைப்பேசி எச்சரிப்பதும் உதவாது, ஏனென்றால் அளப்பவர் வீதியில் நிற்கவில்லை. பொலிஸ் காரைக் கண்டதும் பிறேக்கை அழுத்தி, அது மறைந்ததும் மீண்டும் மிதிக்கும் எங்கள் பழக்கமும் இங்கே எடுபடாது. ஒரு கணத்து வேகத்தைப் பிடிப்பதில்லை, அரைக் கிலோமீற்றருக்கு ஓடிய சராசரியைப் பிடிக்கிறார்கள். “முன்னால போனவரை முந்துறதுக்காக ஒருக்கா மிதிச்சனான்” என்ற சாட்டு அங்கே நிற்காது. முன் காரின் வாலில் ஒட்டிக்கொண்டு போவது, ஒழுங்கைக்கு ஒழுங்கை தைத்துக்கொண்டு ஓடுவது போன்றவை தரையில் நிற்கும் பொலிஸ்காரருக்கு ஒரு கண நேரக் காட்சி. மேலே இருப்பவருக்கோ இரண்டு மூன்று கிலோமீற்றர் நீளக் காட்சி.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன்.

இந்த வேலைக்குப் பல பொலிஸ் படைகள் பயன்படுத்துவது ஒற்றை இயந்திரச் செஸ்னா போன்ற சிறு விமானங்களை. செஸ்னா 182 என்றால் மணிக்கு ஏறத்தாழ 50 லீற்றர் விமானப் பெற்றோல் குடிக்கும். நீங்கள் பயந்த அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. அதன் இயந்திரத்தை 2000 மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கவேண்டும் என்பது உற்பத்தியாளரின் கணக்கு. அந்தச் செலவை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பங்கிட்டு எழுதவேண்டும். பிறகு விமானியின் சம்பளம், அருகில் இருக்கும் அதிகாரியின் சம்பளம், விமானக் கொட்டகை, காப்புறுதி. ஆனால் செலவின் கனம் வானத்தில் இல்லை. தரையில் காத்திருக்கும் நாலைந்து கார்களிலும் அவற்றில் உள்ள அதிகாரிகளிலும்தான் இருக்கிறது.

ஒரு வாகனத்தை மறித்து, சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து, ரிக்கற் எழுதி அனுப்பக் கால் மணித்தியாலம் என்று வைத்தால் ஒரு காருக்கு மணிக்கு நாலு ரிக்கற். நாலு கார்கள் நின்றால் பதினாறு. அதற்கு மேல் எத்தனை பேர் எல்லை மீறி ஓடினாலும் மேலே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். விமானம் கண்டுபிடிக்கும் வேகத்துக்குத் தரையால் ஈடுகொடுக்க முடியாது. நீங்கள் பார்த்த அந்த வரிசை முழுத்திறனில் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்குப் பதினாறு பேர்தான் அதன் முழுத்திறன். ரொறன்ரோவுக்குள் 401-இன் மிக நெரிசலான பகுதியில் ஒரு நாளைக்கு நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. வட அமெரிக்காவிலேயே மிக நெரிசலான நெடுஞ்சாலை அது. கிங்ஸ்ரன் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் பதினாறு என்பது எந்தக் கணக்கிலும் ஒரு துளி.

வரவுப் பக்கத்தையும் கேட்டிருந்தீர்கள். எல்லைக்கு மேல் 40 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 7 டொலர் வீதம் 280 டொலர். மேலதிகக் கட்டணங்கள் வேறு. 50 கிலோமீற்றர் தாண்டினால் அது வெறும் வேகக் குற்றம் இல்லை, சாகச ஓட்டம் என்ற குற்றம். அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரம் 30 நாளுக்குப் பறிபோகும், கார் 14 நாளுக்குப் பொலிஸ் காவலில் நிற்கும், குற்றவாளியாகக் கண்டால் தண்டம் 2000 டொலரில் தொடங்கும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒன்ராறியோவில் இந்த வழக்குகளை நடத்தும் நீதிமன்றங்களை நிர்வகிப்பது நகரசபைகள். தண்டப்பணமும் அவற்றுக்கே போகிறது. மாகாணப் பொலிஸ் விமானத்துக்குப் பெற்றோல் அடிக்கிறது, நெடுஞ்சாலையோரத்து நகரசபை வரவு வைக்கிறது. ஆகவே ‘காசு பிடுங்கத்தான் பறக்கினம்’ என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். காசு பிடுங்க நினைப்பவர் இதைவிட மோசமான வழியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

வழக்காடினால் கணக்கு இன்னும் கெடும். தரையில் மறித்த அதிகாரி உங்கள் வேகத்தைக் காணவில்லை. கண்டவர் உங்கள் முகத்தைக் காணவில்லை. ஒரு ரிக்கற்றுக்கு இரண்டு அதிகாரிகள் சாட்சி சொல்ல வரவேண்டும். ஒருவர் வராவிட்டால் வழக்கு ஆட்டம் காணும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நீங்கள் கேட்கலாம், பிறகு எந்தப் பாதியில் என்னோடு முரண்படுகிறீர் என்று. வரவு செலவை வைத்து இதை அளக்கக்கூடாது என்பதில்தான். தண்டப்பணம் பொலிஸ் வேலையின் விளைபொருள் இல்லை. எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதும் இல்லை. அந்த வீதியில் எத்தனை பேர் சாகாமல் வீடு போனார்கள் என்பதே கணக்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து நாலு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுவீடனில் நில்சன் என்ற ஆய்வாளர் பல வருடத் தரவுகளை வைத்துச் செய்த கணக்கின் வழி வந்த முடிவு அது. 100-இல் ஓடும் கார் 150-க்கு ஏறினால் அதன் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்கு. மோதும்போது அந்த ஆற்றல் எங்காவது போயாகவேண்டும், அதில் ஒரு பங்கு உடம்புக்குள்தான் போகும்.

அப்படியானால் விமானம் சராசரி வேகத்தைக் குறைக்கிறதா? சாரதிகளைப் பற்றி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. தண்டம் பெரிதா என்பதைவிட, பிடிபடுவோமா என்பதே காலை மிதிபலகையிலிருந்து எடுக்கவைக்கிறது. நெடுவார இறுதியில் நல்ல வெயில் நாளில் ஒருமுறை வந்து போகும் விமானம் அந்த நிச்சயத்தைத் தர முடியாது. மழையில் பறக்காது. மேகம் தாழ்ந்தால் பறக்காது. இருட்டில் வெள்ளைக் கோடு தெரியாது. பனிக்காலத்தில் கோட்டின்மேலேயே பனி. வெள்ளிக்கிழமை பின்னிரவில் வெறுமையான வீதியில் 170-இல் ஓடுபவன்தான் மிகப் பெரிய ஆபத்து. அந்த நேரத்தில் விமானம் கொட்டகைக்குள் நிற்கிறது. ரொறன்ரோ நகரத்துக்கு மேலே என்றால் பியர்சன் விமான நிலையத்துக்கு ஏறி இறங்கும் விமானங்களின் வான்வெளி வேறு. ஆகவே பார்வைக்கும் காலநிலைக்கும் வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், அகப்பட்ட பதினாறு பேர்.

இந்தப் பாதியில் உங்களோடு உடன்படுகிறேன். அன்றாட வேகத்தைக் குறைக்க விமானம் உகந்த கருவி இல்லை. இதைவிட மலிவானதும் நிச்சயமானதுமான ஒரு கருவி இருக்கிறது. அதை ஒன்ராறியோ இரண்டு முறை கையில் எடுத்து இரண்டு முறையும் எறிந்துவிட்டது. உங்கள் கோபம் போகவேண்டிய இடம் அது என்பது என் எண்ணம்.

முதல் முறை 1994 ஆகஸ்டில். பொப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு 400 வரிசை நெடுஞ்சாலைகளில் வான்களுக்குள் றேடார் கமராவை வைத்து ஓரத்தில் நிறுத்தியது. அப்போது இங்கே வந்து சேர்ந்திருந்த எங்கள் ஆட்கள் சிலருக்கு அந்த வான்கள் நினைவிருக்கும். எவர் ஓட்டினாலும் ரிக்கற் காரின் சொந்தக்காரருக்குத் தபாலில் வந்தது. மக்களுக்குப் பொறுக்கவில்லை. 1995-இல் மைக் ஹாரிஸ் அதை நிறுத்துவேன் என்று சொல்லித் தேர்தலில் வென்றார். ஜூலையில் நிறுத்தியும் விட்டார். ஒரு வருடம்கூட ஓடவில்லை.

இரண்டாவது முறை பள்ளிக்கூட வலயங்களில். 2017-இல் சட்டம் வந்தது, ரொறன்ரோவில் 2020-இல் கமராக்கள் ரிக்கற் அனுப்பத் தொடங்கின. சிக்கிட்ஸ் மருத்துவமனையும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளிவந்தது. கமரா நின்ற பள்ளி வலயங்களில் வேக எல்லையை மீறியவர்களின் விகிதம் 45 சதவீதம் குறைந்திருந்தது. அதே வருடம் நகரத்தில் ஆட்கள் இரவோடிரவாகக் கமராத் தூண்களை அறுத்து விழுத்தினார்கள். பார்க்சைட் டிறைவில் நின்ற ஒரு கமரா திரும்பத் திரும்ப வெட்டப்பட்டது. முதல்வர் டக் ஃபோர்ட் அவற்றைப் பணம் பறிக்கும் வேலை என்றார்; நவம்பரில் மாகாணம் முழுவதும் தடைசெய்தார். வேகத் தடுப்பு மேடுகளும் பெரிய அறிவிப்புப் பலகைகளும் அந்த வேலையைச் செய்யும் என்பது அவருடைய வாதம். பள்ளிக்கூட வாசலில் மேடு வேலை செய்யும், மறுக்கவில்லை. 401-இல் மேடு போட முடியாது.

வெள்ளைக் கோட்டையும் கடிகாரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதே கணக்கை விமானம் இல்லாமலும் செய்யலாம். ஒரு பாலத்தின்மேல் ஒரு கமரா, பத்துக் கிலோமீற்றர் தள்ளி இன்னொரு பாலத்தின்மேல் இன்னொரு கமரா. இரண்டும் இலக்கத்தகட்டையும் நேரத்தையும் பதிகின்றன. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். விமானியும் இல்லை, பெற்றோலும் இல்லை, மழையும் இருட்டும் ஒரு பொருட்டில்லை, மணிக்குப் பதினாறு என்ற முட்டுக்கட்டையும் இல்லை. இத்தாலி 2005-இன் இறுதியிலிருந்து தன் விரைவு வீதிகளில் இதைச் செய்கிறது; அங்கே இதற்கு ‘டியூட்டர்’ என்று பெயர். மிலானிலிருந்து நேப்பிள்ஸுக்குப் போகும் ஏ1 வீதியில் இதை ஆராய்ந்தவர்கள் விபத்துகள் 31 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். நாள் செல்லச் செல்ல அந்தப் பயன் தேய்ந்ததையும் அவர்களே எழுதினார்கள். ஸ்கொட்லாந்தில் 2014 ஒக்ரோபரில் டன்பிளேனிலிருந்து இன்வெர்னெஸ்வரை ஏ9 வீதியில் இப்படிக் கமரா போட்டார்கள். அங்கும் முதலில் பெரிய எதிர்ப்புத்தான்.

பிறகு ஏன் எங்களுக்குக் கமராமேல் இவ்வளவு வெறுப்பு, விமானத்தின்மேல் ஒரு சிரிப்பு மட்டும்? இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. விமானத்தில் பிடிபடுவது அதிர்ஷ்டச் சீட்டுப் போல. பக்கத்து ஒழுங்கையில் போனவரையும் பிடித்திருக்கலாம், எங்களைப் பிடித்துவிட்டார்கள், விதி. கமராவில் அதிர்ஷ்டம் இல்லை. எல்லோரையும் பிடிக்கிறது. நாங்கள் எதிர்ப்பது அநியாயத்தை என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் நாங்கள் எதிர்ப்பது நிச்சயத்தை. ஆனால் கமராவை வெறுப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பொலிஸ்காரர் மறித்தால் ஓட்டியவர் முகத்துக்கு முன் ஒருவர் நிற்கிறார். ஏன் என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். ஓட்டியவருக்கே புள்ளி விழும். கமரா மூன்று கிழமை கழித்து அப்பாவின் பெயருக்குக் கடிதம் போடுகிறது, மகன் சிரித்துக்கொண்டு திரிகிறான். இதற்குத் தீர்வு சட்டத்தைத் திருத்துவது. கமராவை அறுத்து விழுத்துவது இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், இன்னும் கோணலாக. பல மாநிலங்களில் நெடுஞ்சாலையில் வேகக் கமராவுக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே விமானம் மிஞ்சுகிறது. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைப் பொலிஸ் பெரிய விமானப் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் அளந்து குறித்த தூரத்தில் ஒரு காரின் நேரத்தைக் கணித்து வேகம் கண்டுபிடிப்பதை அந்த மாநிலச் சட்டமே ‘வேகப் பொறி’ என்று தடைசெய்கிறது. பழைய காலத்தில் சிற்றூர்ப் பொலிஸார் புதரில் ஒளிந்திருந்து செய்த கூத்துகளுக்கு எதிராக வந்த சட்டம் அது. சட்டம் இப்படி நேரே போக விடாமல் சுற்றுவழியில் தள்ளும்போது விமானம் எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பறந்தாலும் செலவு கூடத்தான் செய்யும்.

ஸ்பெயின் இன்னொரு வழியைப் பிடித்தது. 2013-இல் ‘பெகாசஸ்’ என்ற கருவியை ஹெலிகொப்டரில் பூட்டியது. ஒரு கமரா வீதியை அகலமாகப் பார்க்கும், இன்னொன்று இலக்கத்தகட்டை வாசிக்கும். 360 கிலோமீற்றர் வேகம்வரை அளக்கும். தரையில் கார் வரிசை தேவையில்லை, தண்டம் வீட்டுக்கு வரும். முட்டுக்கட்டை போய்விட்டது உண்மை. ஆனால் ஹெலிகொப்டரின் ஒரு மணித்தியாலம் செஸ்னாவின் ஒரு மணித்தியாலத்தைவிடப் பல மடங்கு விலை. பாலத்தில் நிற்கக்கூடிய ஒரு கமராவைச் சுழலிறக்கையில் கட்டித் தூக்கித் திரிவது அது. கமரா வைக்க முடியாத ஒடுங்கிய நாட்டுப்புற வீதிகளில் அதற்கு ஒரு இடம் உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி, வானத்தில் பொலிஸ் இருக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்.

2024 ஏப்ரல் 29 இரவு விற்பியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மதுக்கடைக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்டவர் ஓட்டிய வான் ஒன்று 401-இல் எதிர்த்திசையில் ஏறியது. பொலிஸ் கார்களும் பின்னாலேயே எதிர்த்திசையில் ஓடின. எதிரே வந்தவர்களில் இந்தியாவிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த தாத்தாவும் பாட்டியும் அந்த மூன்று மாதக் குழந்தையும் மோதலில் இறந்தார்கள். வான் ஓட்டியவரும் இறந்தார். யார்மேல் எவ்வளவு பிழை என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தப்பி ஓடும் வாகனத்தைத் தரையில் துரத்தும் ஒவ்வொரு நிமிடமும், அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் உயிர் பணயத்தில் இருக்கிறது. மேலே ஒரு ஹெலிகொப்டர் இருந்தால் தரைக் கார்கள் விளக்கையும் சத்தத்தையும் அணைத்துப் பின்வாங்கலாம். அகச்சிவப்புக் கமராவுக்கு இருட்டு ஒரு பிரச்சினை இல்லை. துரத்துபவர் இல்லை என்று நினைக்கும் ஓட்டுநர் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கிறார், எங்காவது நிறுத்துகிறார், இறங்குகிறார். அங்கே போய்ப் பிடிக்கலாம். மார்க்கத்தில் இருக்கும் உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். யோர்க் பிராந்தியப் பொலிஸாரின் ஹெலிகொப்டர் இரவில் கூரைக்கு மேலே சுற்றும் சத்தம் அவருக்குப் பழக்கமாகியிருக்கும்.

2024 ஜூலையில் ஒன்ராறியோ 134 மில்லியன் டொலருக்கு ஐந்து ஹெலிகொப்டர்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. கார்த் திருட்டு, வீதிப் பந்தயம் போன்றவற்றுக்காக என்றார்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது எவ்வளவு பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், அந்தச் செலவை நான் எதிர்க்க மாட்டேன். நூறு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றுகூடி வீதியை மறித்துப் பந்தயம் விடும்போது தரையில் துரத்துவது பைத்தியக்காரத்தனம். அதற்கு வானம்தான் வழி. 190-இல் போனவனை ஒரு மணித்தியாலம் கழித்து அவன் வீட்டு வாசலில் சந்திப்பதில் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

ஆக நான் கோடு கீறும் இடம் இது. உங்களையும் என்னையும் போல 120-இல் போகிறவர்களுக்காக விமானம் பறப்பது வீண். அந்த 120-ஐப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 401-இன் பல பகுதிகளில் இப்போது எல்லை 110. 2022-இலும் 2024-இலும் படிப்படியாக உயர்த்தினார்கள். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். நிற்காமல் 110-இல் ஓடினால் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. 130-இல் ஓடினால் முக்கால் மணித்தியாலம் மிச்சம். தாலிகட்டுக்குப் பிந்திப் போகிறவருக்கு முக்கால் மணித்தியாலம் சின்ன விசயம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் பிக்கரிங்கில் கிடந்து நெரிபட்டும் கோர்ன்வாலில் கோப்பிக்கு நின்றும் அதில் பாதியை நாங்களே தொலைத்துவிடுகிறோம். 130-க்கு நியாயம் தேடும் கடிதமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

150-க்கு மேல் போகிறவர்கள், தப்பி ஓடுகிறவர்கள், கூட்டமாகப் பந்தயம் விடுகிறவர்கள் ஆகியோருக்காக வானத்தில் பொலிஸ் பறப்பது தகும், செலவு பெரிதானாலும் தகும். நடுவில் இருக்கும் இலட்சக்கணக்கானவர்களுக்குப் பாலத்துக் கமரா. அதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த வேலையையும் விமானத்தின் தலையில் கட்டும் அரசாங்கங்கள்தான் உங்களைப் பட்டம் என்று சொல்லவைத்தன.

கடைசியாக ஒரு வேலை. நீங்கள் கணக்காளர், உங்களுக்கு நேரமும் இருக்கிறது. ஒன்ராறியோவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் விண்ணப்பக் கட்டணத்தோடு எவரும் மாகாணப் பொலிஸின் பதிவுகளைக் கேட்கலாம். மாகாணப் பொலிஸுக்குப் பொறுப்பான அமைச்சுக்கு எழுதவேண்டும். வேக அமுலாக்கத்துக்காகக் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை மணித்தியாலம் பறந்தார்கள், ஒவ்வொரு நாளும் தரையில் எத்தனை அதிகாரிகள் நின்றார்கள், எத்தனை ரிக்கற் எழுதினார்கள், அவற்றில் நீதிமன்றத்தில் எத்தனை நின்றன என்று கேளுங்கள். கோடு கீறிய பகுதிகளில் பறந்த மாதங்களிலும் பறக்காத மாதங்களிலும் நடந்த விபத்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். அதுதான் முக்கியம், அதை விட்டுவிட வேண்டாம். 150-க்கு மேல் பிடிபட்டவர்கள் எத்தனை பேர் என்று தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தேடும் நேரத்துக்கு மேலதிகக் கட்டணம் கேட்டால் எனக்கு எழுதுங்கள், பாதியை நான் தருகிறேன். பதில் வந்ததும் எண்களை அனுப்பிவையுங்கள். அதை வைத்து அடுத்த கடிதத்தில் இருவரும் சண்டை பிடிப்போம்.

அன்புடன்.